மருந்தடித்த வயலும் மீனின் செவுளும்

குறுவைப் பயிர் பச்சை கட்டியதும் காவிரிப் படுகையில் மருந்தடிப்பு தொடங்கிவிடும். புதுத்தண்ணீரைக் கண்டு கெண்டையும் கெளுத்தியும் குரவையும் முட்டையிட வாய்க்கால் ஏறுவதும் ஏறக்குறைய அதே நாட்களில்தான்.

மாட்டு உண்ணிக்குத் தடவுகிறோமே, சைபர்மெத்ரின், அதையேதான் பருத்திக்கும் கத்தரிக்கும் அடிக்கிறோம். மாட்டின் ஈரல் அதை விரைவாகச் சிதைத்து வெளியேற்றிவிடும். மீனின் ஈரலுக்கு அந்த வேகம் கிடையாது. லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் அளவிலேயே சில மீன்கள் செத்ததைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 சதவீத மருந்தில் 1 மில்லி போதும், 1 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த அளவுக்குக் கொண்டுவர. சேறு கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும் என்பது மட்டும்தான் ஆறுதல்.

முதல் அடி செவுளுக்கு. நல்ல மீனின் செவுள் மூடியைத் தூக்கினால் சீப்புப் பற்கள்போல வரிசையாக, ரத்தச் சிவப்பாக இருக்கும். அங்கே ரத்தத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே இருப்பது சில மைக்ரான் கனமுள்ள தோல்தான். நஞ்சு பட்டால் அந்தத் தோல் வீங்கிப் பிரிகிறது, இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, மேலே சளி படர்கிறது. தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீனுக்கு மூச்சு முட்டும்.

நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு அடிக்கும் குளோர்பைரிபாஸ் வேறு வழியில் கொல்கிறது. நஞ்சை முறிக்க வேண்டிய ஈரலே அதை இன்னும் கொடியதாக மாற்றிவிடுகிறது. நரம்பின் தூண்டலை அடக்கும் நொதி முடங்க, மீன் துள்ளும், நிலைகுலைந்து சுழலும், மல்லாந்துவிடும்.

செத்து மிதப்பவை கண்ணுக்குத் தெரியும். என் கவலையெல்லாம் பிழைத்தவற்றைப் பற்றியது. குரவைக்குச் செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கத் தனி அறை உண்டு. செவுள் கெட்டாலும் மேலே வந்து காற்றை விழுங்கிச் சமாளிக்கும். மீன் ஓடுதே, தண்ணி நல்லாத்தான் இருக்கு என்று நாம் நினைத்துக்கொள்வோம். ஆனால் சாகாத அளவு நஞ்சில் வைத்துச் சோதித்த மீன்களின் ஈரல் செல்களில் குமிழ்கள், சிறுநீரகக் குழல்களில் சிதைவு. சினைப்பையில் முட்டைகள் முதிராமலே சுருங்கிக் கரைந்திருந்தன. அடுத்த ஆண்டு குஞ்சு எங்கிருந்து வரும்?

உழவர்களே, மருந்து டேங்க்கை வாய்க்காலில் அலசாதீர்கள். அலசிய தண்ணீரை அதே வயலில் தெளித்துவிடுங்கள். அடித்தபின் வடிகால் வாயைச் சில நாட்களாவது அடைத்து வையுங்கள். நஞ்சில் ஒரு பகுதி வயல் சேற்றிலேயே தங்கிச் சிதையும். காசு செலவில்லாத வேலை, இந்தக் குறுவையிலேயே தொடங்கலாம்.