நோயுற்ற உறவினருக்கு எதைக் கொண்டு செல்வோம்?

(பங்கு மக்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உறவினர் ஒருவர் நோயுற்றார் என்று கேள்விப்பட்டால் வெறுங்கையோடு பார்க்கப் போவது நம் வழக்கமல்ல. ஆப்பிளோ, ஆரஞ்சோ, சத்துமாவு டப்பாவோ வாங்கிக்கொண்டு போகிறோம். பத்து நாளில் எழுந்து நடமாடப் போகிறவருக்கு அது போதும். ஆனால், ஆண்டுக்கணக்கில் உடனிருந்து சிறுகச் சிறுக வளரும் நோய்க்கு எது ஏற்றது? அத்தகைய நோய்களுள் ஒன்றான நடுக்குவாதத்தை முன்வைத்து இதைச் சிந்திப்போம்.

இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ஆம் ஆண்டு இந்நோயை விவரித்து எழுதினார். அதனால் இது பார்க்கின்சன் நோய் என்றும் வழங்குகிறது. மூளையில் டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கும் செல்கள் படிப்படியாக அழிகின்றன. அதனால் கை நடுங்கலாம், உடல் விறைக்கும், அசைவு மெதுவாகும், குரல் தாழும், கையெழுத்து சிறுத்துப்போகும். மருந்துகள் தொல்லையைத் தணிக்கின்றன. நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லை.

நடுக்கத்தைக் காட்டிலும் இவர்களை வாட்டுவது வேறொன்று. சட்டைப் பொத்தானைப் போட்டுவிடவும் பிறரைக் கூப்பிட வேண்டியிருக்கிறதே என்ற ஏக்கந்தான் அது. ஆகவே, பரிசு வாங்குமுன் நம்மையே நாம் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம்: அவர் தம் கையாலேயே செய்துகொள்ளும் ஒரு வேலையை இப்பொருள் காப்பாற்றிக் கொடுக்குமா?

உடையை எடுத்துக்கொள்வோம். விலையுயர்ந்த பட்டு வேட்டியைவிட, இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்த வேட்டி அவருக்கு உதவும். பொத்தானுக்குப் பதில் அதே பட்டை தைத்த சட்டையை நம் ஊர்த் தையற்காரரே தைத்துத் தருவார். காலைவிட்டு நழுவும் ரப்பர் செருப்பு வேண்டாம். குதிகாலைப் பிடிக்கும் வார் உள்ளதாக வாங்குவோம்.

உண்பதற்குத் தடித்த பிடியுள்ள கரண்டி, விளிம்பு உயர்ந்த தட்டு, இரண்டு கைப்பிடியுள்ள கோப்பை ஆகியவை நல்லவை. சத்துமாவு விஷயத்தில் கவனம் தேவை. இந்நோய்க்கு முக்கிய மருந்தான லெவோடோபா உடலில் சேர்வதைப் புரதம் மிகுந்த உணவு தடுக்கக்கூடும். எனவே, எதை எப்போது கொடுப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும். விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு முறுக்கும் சீடையும் ஆபத்து.

மாத்திரை நேரம் தவறினால் உடல் விறைத்துப்போகும். ஆகையால் வேளைக்கொரு அறையுள்ள மாத்திரைப் பெட்டியும், மணியடிக்கும் கடிகாரமும் சிறு பரிசுகள் அல்ல. குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடியைப் பொருத்திக் கொடுப்பது, இரவில் எரியும் சிறு விளக்கொன்று வாங்கித் தருவது, இவையெல்லாம் விழாமல் காப்பவை. நடக்கையில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும் சிலருக்குத் தாளக்கட்டுள்ள பாட்டு அடியெடுத்து வைக்க உதவுகிறது. அவருக்குப் பிடித்த பழைய பாடல்களைச் சேர்த்துக் கொடுப்பதும் நல்ல பரிசே.

ஒன்றை மறக்கலாகாது. நன்றாக நடமாடுகிறவர் முன் சக்கர நாற்காலியைக் கொண்டுபோய் நிறுத்தினால், அவர் மனம் உடைந்துபோகும். நாளைக்கு வேண்டியது வேறு, இன்றைக்கு வேண்டியது வேறு. இந்நோய் எல்லாரிடமும் ஒரே வேகத்தில் வளர்வதுமில்லை. எனவே, "இப்போது எது சிரமமாக இருக்கிறது?" என்று அவரிடமே கேட்போம். அவர் குரல் மெல்லியதாயிருக்கும். முகத்தில் சிரிப்பு எளிதில் தெரியாது. அதைக் கண்டு, அவருக்கு விருப்பமில்லை என்று முடிவு செய்யாமல் பொறுமையாகக் காத்திருந்து கேட்போம்.

இறுதியாக, இரவு பகலாகப் பக்கத்திலிருக்கும் மனைவியை, கணவரை, மகளை, மருமகளை நினைத்துப் பார்ப்போம். உறவினர் வந்தால் அவர்களுக்குக் காப்பி போடும் வேலையே கூடுகிறது. வாரத்தில் ஒரு மாலை, "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் வெளியே போய்வாருங்கள்" என்று சொல்வோமானால், அந்த வீட்டுக்கு அதைவிட வேண்டிய பரிசு வேறில்லை. அதற்குக் காசு தேவையில்லை. நம்மில் ஒவ்வொரு குடும்பமும், தெரிந்த ஒரு வீட்டில், இந்த வாரமே இதைத் தொடங்கலாம்.