அடுப்புக்கு இடமுள்ள வீடு



பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையைத் தலைவனைப் பிரிந்து வருந்தும் அரசியின் பாட்டாகவே நாம் படித்து வருகிறோம். வீடு கட்டுவோர் படிக்கவேண்டிய பாட்டும் அதுவே என்பது என் எண்ணம். நிழல் சாயாத நண்பகலில் திசை குறித்து, நூலறிந்தோர் கயிறு பிடித்து அரண்மனைக்கு நிலம் வகுத்த செய்தியை நக்கீரர் அதிலே சொல்கிறார். வேனிலில் தென்றலை உள்ளே விட்ட சாளரக் கதவுகள் கூதிர்க் காலத்தில் தாழிடப்பட்டிருப்பதையும், மக்கள் தணலருகே குளிர்காய்வதையும் சொல்கிறார். காற்று எங்கிருந்து வரும், நெருப்பு எங்கே இருக்கும் என்ற இரண்டையும் அறிந்து கட்டிய மனை அது.

அந்த அரண்மனையை விட்டு நமது வன்னிக்கு வருவோம். இங்கும் காற்று இரண்டு. சோளகம் வெக்கையையும் புழுதியையும் கொண்டுவரும். வாடையோடு மாரிமழை வரும். இவ்விரண்டுக்கும் பதிலாக எழுந்ததே பழைய வன்னி வீடு. தாழ இறங்கிய கிடுகுக் கூரையால் மண்சுவரில் வெயிலும் படாது, சாரலும் அடிக்காது. குசினி தனியே நிற்கும். ஆனால் கறையானும் தீயும் அந்த வீட்டுக்கு எப்போதும் பகை. கூரையை அடிக்கடி வேயவும் வேண்டும். ஆகவே கல்வீடு வேண்டுமென்று நமது மக்கள் ஆசைப்பட்டதில் தவறில்லை.

2009இல் யுத்தம் முடிந்து, திரும்பி வந்தவர்களின் வளவுகளில் வீடுகள் எழத் தொடங்கின. அவ்வாறு எழுந்த ஒரு வீட்டுக்குக் கிளிநொச்சிப் பக்கம் சென்றிருந்தேன். சீமெந்துச் சுவர், ஓட்டுக் கூரை, உள்ளேயே குசினி. ஆனால் வீட்டுக்காரத் தாயார் பின்புறம் தகரத்தால் ஒரு பத்தி இறக்கி, அங்கேதான் சமைத்துக்கொண்டிருந்தார்.

“உள்ளுக்குக் குசினி இருக்குதே அம்மா?” என்றேன்.

“இருக்குது மோனை. புகை போக வழியில்லையே. விறகடுப்பை மூட்டினா கண் திறக்கேலாது” என்றார்.

வரைபடம் கீறியவருக்கு அது மிகச் சிறிய விடயம். அந்தத் தாயாருக்கோ நாளுக்கு மூன்று வேளை கண்ணீர்.

இதே கேள்வி பின்னர் பெரிய அளவில் எழுந்தது. வடக்கு கிழக்கில் 65,000 உருக்குப் பொருத்து வீடுகளை அமைக்கும் யோசனையை 2015இல் அரசாங்கம் முன்வைத்தது. ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 21 இலட்சம் ரூபா. மாதிரி வீடுகளும் காட்டப்பட்டன. அவற்றைப் பார்த்த பொறியியலாளர்கள் அத்திவாரத்தையும் வெக்கையையும் துருவையும் பற்றிக் கேட்டார்கள். விறகடுப்புக்கு இடமெங்கே, பின்னாளில் ஓர் அறையைச் சேர்ப்பது எப்படி என்றும் கேட்டார்கள். கண்டனம் வலுத்தது; அத்திட்டம் அந்த வடிவில் நிறைவேறவில்லை.

பின்னாளில் சேர்க்கும் அந்த அறை ஆடம்பரம் அன்று. நம்மிடையே வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். பேரப்பிள்ளை பிறக்கும், நெல்மூட்டை வந்து சேரும். குடும்பம் வளர, வீடும் கூடவே வளரவேண்டும்.

வேறொரு வழியும் இங்கே நடந்து பார்க்கப்பட்டது. இந்திய வீட்டுத்திட்டத்தின் பெரும் பகுதியில், 2012 ஒக்ரோபர் முதல், ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50,000 ரூபா கட்டங் கட்டமாக வங்கிக் கணக்கில் இடப்பட்டது. வீட்டைக் கட்டுவிப்பவர் வீட்டுக்காரரே. எனவே தமது தேவையைச் சொல்ல இடமிருந்தது. ஆனால் அதிலும் ஒரு வலி உண்டு. மணலும் கூலியும் ஏற, காசு போதாமல் பலர் கடன்பட்டனர். நகையை அடைவு வைத்தனர். கட்டுகிறவரின் கைக்குள் அடங்காத வீடும் பொருந்தாத வீடே.

நேயர்களே, ஒரு வீட்டைக் கீறுமுன் மூன்று பேரிடம் கேட்கவேண்டும் என்பேன். காற்றைக் கேட்கவேண்டும். கடன் கட்டப்போகும் கையைக் கேட்கவேண்டும். எல்லாவற்றுக்கும் முன், அடுப்பு மூட்டப்போகிறவளைக் கேட்கவேண்டும். அவளைக் கேட்டிருந்தால் அந்தத் தகரப் பத்திக்குத் தேவையே வந்திராது.