அகத்தியர் மலையின் ஆரோக்கியப் பச்சை

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



நாம் குடியேறி வாழும் இக்கழக்கூட்டத்திற்குக் கிழக்கே அகத்தியர் மலைத்தொடர் நிற்கிறது. தமிழ் முனிவரின் உறைவிடமெனப் போற்றும் பொதிகையே அது. 1868 மீட்டர் உயர்ந்த அம்மலையில் வளரும் ஒரு சிறு செடியைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன்.

கொரியர்களும் சீனர்களும் ஜின்செங் என்னும் வேரை உயிரினும் மேலாக மதிப்பர். காடுகாடாய் அதைத் தேடி அலைவோர் அமெரிக்காவிலும் உண்டு. தேடித் தேடிப் பறித்ததன் பயனாக அது அருகிப் போயிற்று. அமெரிக்க ஜின்செங்கின் வாணிபத்தை 1975 முதல் பன்னாட்டு உடன்படிக்கையொன்று கட்டுப்படுத்தி வருகிறது.

நம் மலைக்கும் அத்தகைய புகழ் வந்தது. 1987 டிசம்பரில், அறிஞர் புஷ்பாங்கதன் தலைமையில் தாவர ஆராய்ச்சியாளர் சிலர் மலையேறினர். வழிகாட்டிகளாக வந்தவர் காணிக்கார மக்கள். ஏறிக் களைத்தவர் ஆராய்ச்சியாளரே. வழிகாட்டிகளோ சிறு காய்களை மென்றபடி தளராது நடந்தனர். கேட்டு வாங்கி உண்ட ஆராய்ச்சியாளருக்கும் சோர்வு நீங்கிற்று. என்ன செடி என்று வினவியபோது காணிக்காரர் முதலில் தயங்கினர். வெளியாருக்கு உரைக்கத்தகாத குலமறை அது. பின்னரே ஆரோக்கியப் பச்சையைக் காட்டினர்.

ஓடைக்கரை நிழலில், ஈர மண்ணில், இதய வடிவ இலையுடன் தாழ்ந்து வளரும் செடி அது. தாவர நூலார் டிரைக்கோபஸ் ஜெய்லானிக்கஸ் என்பர். காணிகளின் ஜின்செங் என்று புகழப்பட்டாலும், ஜின்செங்கிற்கு அது உறவன்று. நாம் உண்ணும் பெருவள்ளி, சிறுவள்ளிக் கிழங்குகளின் குடும்பத்தைச் சார்ந்தது.

பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையத்தார் அதன் இலையோடு அமுக்கிரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி சேர்த்து 'ஜீவனி' என்னும் மருந்தை ஆக்கினர். 1995இல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழாண்டு உரிமம் அளிக்கப்பட்டது. கட்டணம் 10 இலட்சம் ரூபாய். விற்பனையில் நூற்றுக்கு 2 பங்கு உரிமத்தொகை. இவற்றில் சரிபாதி காணிக்காரருக்கு என்று முடிவாயிற்று. அவர்தம் அறக்கட்டளை 1997இல் பதிவாகி, 1999இல் ஏறத்தாழ 5 இலட்சம் ரூபாய் பெற்றது. 2002இல் ஐக்கிய நாடுகளின் சார்பில் இம்முயற்சிக்குப் பரிசும் கிட்டிற்று.

இதைக் கேட்டு எல்லாம் நன்றே முடிந்தது என எண்ணலாகாது. காணிக்காரர் அனைவரும் ஒருமனப்படவில்லை. பரம்பரை வைத்தியரான பிலாத்திகள் சிலர், தம் அறிவை விற்பதை 1995லேயே எதிர்த்தனர். செடியின் விலை தெரிந்ததும் களவாய் வேரோடு பிடுங்கிச் செல்வோர் தோன்றினர். இலை பறிக்க வனத்துறை தடை விதித்தது. அதனால் பயிரிட்ட காணிக் குடும்பங்களும் இடர்ப்பட்டன. அறிவைப் பகிர்ந்தவருக்குப் பங்கு அளிப்பதோடு, அவ்வறிவு வேரூன்றிய காட்டையும் காத்தல் வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

"எங்கே தேடினால் அச்செடி கிடைக்கும்?" என நண்பர்கள் கேட்பதுண்டு. என் விடை இதுவே: காட்டில் தேடாதீர்கள். அகத்தியமலை 2001 முதல் உயிர்க்கோளக் காப்பகம். 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலிலும் இடம்பெற்றது. அங்கே செல்ல அனுமதி வேண்டும். அனுமதி பெற்றவருக்கும் இலை கிள்ளும் உரிமை இல்லை. தாவரங்களை அறிய விழைவோர் குழந்தைகளுடன் பாலோட்டுப் பூங்காவுக்குச் செல்லுங்கள்.

தாயகம் விட்டு வந்த நமக்கு இதில் ஒரு கடமையும் உண்டு. நாம் இம்மண்ணின் நீரைப் பருகி வாழ்கிறோம். அகத்தியரைத் தமிழுக்கு ஆசானெனக் கொண்டாடும் நாம், அவர் மலையில் வாழ்வோரையும் மதித்தல் வேண்டும். ஒரு மருந்தை வாங்குமுன், "இதை முதலில் அறிந்தவர் யார்? அவருக்கு என்ன கிடைத்தது?" என வினவும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கு ஊட்டுவோம். அப்பழக்கம் வேரூன்றினால் மலையும் வாழும், மலைமக்களும் வாழ்வர்.