துறையில் ஒரு காவல்

இளமையில் நான் நண்பர்களோடு பழவேற்காட்டு ஏரியில் படகேறினேன். படகில் கூட்டம் மிகுதி. மிதவைச் சட்டை எவருக்கும் இல்லை. கேட்க நினைத்தேன், பிறர் கோழையென நகைப்பரோ என்று நாணி வாளாவிருந்தேன். அன்று கரை சேர்ந்தோம். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் அவ்வூரில் உல்லாசப் படகொன்று கவிழ்ந்து 22 பேர் மாண்ட செய்தி கேட்டபோது, என் மௌனம் என்னைச் சுட்டது.

அதற்குத் தெற்கே எண்ணூர்க் கடலில், 2017-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் இரு கப்பல்கள் மோதின. கசிந்த எண்ணெய் கரையெங்கும் படிந்தது. அதனை வாளிகளால் அள்ளினார்கள். மீனவர் பிழைப்பு நலிந்தது.

சட்டம் தலைநகரில் பிறக்கிறது. அது உயிர்பெறுவதோ படகுத்துறையில்தான். ஏறுவோரை எண்ணவும், காற்றின் போக்கறிந்து படகை நிறுத்தவும் துறையில் ஆள் வேண்டும். நீரின் நிறமும் நாற்றமும் மாறுவதை முதலில் உணர்வோர் கரைவாழ் மக்களே; ஆய்வுக்கூடம் அதனைப் பின்னரே அளந்து சொல்லும். ஆதலின் ஊராட்சியும் மீனவரும் அதிகாரிகளும் ஒருங்கே காவல் புரிதல் வேண்டும்.

மாணவ நண்பர்களே! படகேறுமுன், "மிதவைச் சட்டை எங்கே?" என்று கேளுங்கள். நான் நாணியதுபோல் நீங்கள் நாண வேண்டா.