வெள்ளோட்டக் கருவி



கோலார் தங்க வயல் நமக்குத் தெரிந்த இடம். சித்தூர்ப் பக்கமிருந்து எத்தனையோ பேர் அங்கே சுரங்க வேலைக்குப் போனார்கள். அதே சுரங்கத்தில் 1965-இல் இன்னொரு வேலையும் நடந்தது. இந்தியா, ஜப்பான், இங்கிலாந்து நாட்டு அறிஞர்கள் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவி வைத்தார்கள். நியூட்ரினோவின் தடத்தைக் கண்டார்கள்.

நியூட்ரினோ என்பது அணுவைவிட மிகச் சிறிய துகள். நம் உடம்பைத் துளைத்துப் போகிறது. பூமியையே துளைக்கும்! நமக்கு ஒன்றும் ஆவதில்லை. எப்போதாவது ஒன்றுதான் எதிலாவது மோதும்.

அதைப் பார்க்க ஏன் சுரங்கம்? வானிலிருந்து வேறு துகள்களும் மழைபோலக் கொட்டுகின்றன. அவற்றைத் தடுக்கப் பாறைதான் குடை.

2001-இல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. பிறகு தேனி மாவட்டத்தில், மலைக்குள் 50,000 டன் இரும்பில் கருவி வைக்கத் திட்டமிட்டார்கள். இவ்வளவு பெரியதை வெள்ளோட்டம் பார்க்காமல் கட்டலாமா?

அதற்காக மதுரையில் 85 டன்னில் சின்னக் கருவி செய்தார்கள். 2018-இல் அது ஓடியது. பதினோரு அடுக்கு இரும்புத் தகடுகள். நடுவே கண்ணாடிப் பெட்டிகள். பெட்டிக்குள் வாயு. துகள் கடந்தால் மின்துடிப்பு எழும். இரும்பு காந்தமாக இருப்பதால் துகளின் பாதை வளையும். எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்தால் துகளின் மின்னேற்றம் நேரா எதிரா என்று தெரியும்.

இது தரைமேல் இருக்கும் கருவி. குடை இல்லை. நியூட்ரினோவைப் பிரித்தறிய முடியாது. ஆனால் பெட்டிகளைச் சோதிக்க அந்த வான்மழையே போதும்.

மலைக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகும் என்று தேனி மக்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மலையைக் குடைய அனுமதி தர முடியாது என்று 2022-இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. பெரிய கருவி இன்னும் எழவில்லை.