கோட்டுக்குள் குடிசை, கோட்டுக்கு வெளியே கோபுரம்

தோழரே! அரசாங்கம் ஒரு கட்டடம் எழுப்புகிறது. கல் இறங்குகிறது, சாரம் ஏறுகிறது, கோடி கோடியாகப் பணம் புரள்கிறது. அந்தப் பணம் எவர் வீட்டு அடுப்பிலே நெருப்பை மூட்டுகிறது? என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

செல்வம் கொழிக்கும் அமெரிக்க நாட்டிலேயே இக்கேள்வி எழுந்தது. ஒரு தெருவிலே வானளாவும் மாளிகை. அடுத்த தெருவிலே வறுமையின் வாட்டம். செனட்டர் கிட் பாண்ட் முன்னின்று முயல, 1997-இல் சட்டம் பிறந்தது. ஹப்ஸோன் என்பது திட்டத்தின் பெயர். வறுமை மிகுந்த வட்டாரங்கள், பழங்குடியினர் நிலங்கள், மூடப்பட்ட படைத்தளங்கள் ஆகியவற்றை வரைபடத்திலே கோடிட்டுக் காட்டினர். அக்கோட்டுக்குள் வாழ்வோருக்கு வேலை தரும் சிறு நிறுவனங்களுக்கு முன்னுரிமை என்றனர். கூட்டரசின் முதல் ஒப்பந்தங்களிலும் துணை ஒப்பந்தங்களிலும் 100-க்கு 3 பங்கு அவற்றுக்கு என இலக்கும் குறித்தனர்.

விதி என்ன? தலைமை அலுவலகம் கோட்டுக்குள் இருக்கவேண்டும். ஊழியரில் 100-க்கு 35 பேரேனும் இத்தகைய வட்டாரங்களில் குடியிருக்கவேண்டும். கட்டட நிறுவனமாயின், வேலைத்தளத்தில் உழைப்போரை அலுவலகக் கணக்கிலே சேர்ப்பதில்லை. குடியிருப்புக் கணக்கிலேதான் சேர்ப்பர். சரிதானே! கொத்தனார் இன்று ஓர் ஊரிலே, நாளை வேறோர் ஊரிலே. அவர் கரண்டி போகுமிடமெல்லாம் தலைமை அலுவலகம் ஆகிவிடுமா?

ஆனால், தோழரே, அடுத்த ஏட்டைப் புரட்டுங்கள். இந்நிறுவனங்களுக்கென்றே ஒதுக்கிய பொதுக் கட்டுமான ஒப்பந்தத்தைப் பெற்றவர், பொருட்செலவு நீங்கலாகக் கிடைக்கும் தொகையிலே 100-க்கு 85 பங்கு வரை ஹப்ஸோன் தகுதியற்ற துணை ஒப்பந்தக்காரருக்கு வழங்கலாம்! தனித்தொழில் கட்டுமானத்தில் அந்த வரம்பு 75. பெயர்ப்பலகை ஏழையின் தெருவிலே, பெரும்பணம் எங்கோ!

"மின்கம்பி இழுப்பவர் ஒருவர், குழாய் பதிப்பவர் ஒருவர், இரும்பு நிறுத்துபவர் ஒருவர், சிறு நிறுவனம் அனைத்தையும் தானே செய்ய இயலுமா?" என்பார்கள். இயலாது, ஒப்புகிறேன். 15 பங்கையாவது தானே செய் என்று விதி தாழ்ந்து நிற்பதன் காரணமும் அதுவே. எனினும், அதே விதி இன்னொரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. துணை ஒப்பந்தக்காரரும் ஹப்ஸோன் தகுதி பெற்ற சிறு நிறுவனமாயின், அவருக்குத் தரும் தொகை அந்த 85-இல் சேராது. மின்வேலை அங்கேயே, குழாய் வேலை அங்கேயே என்று பகிர்ந்தால், பணம் வட்டாரத்திலேயே சுழலும். பத்து அடுப்பு எரியும்.

இரண்டு கதவுகளும் திறந்தே இருக்கின்றன. எதன் வழியே பணம் போகிறது என்று காண்பதற்கு வரைபடம் போதாது, கணக்கேடு வேண்டும். ஆகவே, ஏழைக்கென்று எங்கே கோடு கிழித்தாலும், "அலுவலகம் எங்கே?" என்று மட்டும் கேட்டு அமைதியடையாதீர். "கூலி எங்கே போயிற்று?" என்று கேளுங்கள். கோடு வரைவது எழுதுகோல்; அதைக் காப்பது கேள்வி!