நீரளவு ராணுவ ரகசியமா?



ஹிமாலயத்துப் பனியாறுகள் உருகுகின்றன என்பது உங்களுக்குப் புதிய செய்தியன்று. 2011 முதல் 2020 வரையில் அவை முந்திய பத்தாண்டுகளைவிட 65 சதவீதம் வேகமாகக் கரைந்தன என்று, காட்மாண்டுவில் எட்டு நாடுகள் சேர்ந்து நடத்தும் மலைவள ஆராய்ச்சி நிலையம் 2023-ஆம் ஆண்டிலேயே கணக்குச் சொல்லிவிட்டது. நான் பேச வந்தது பனியைப் பற்றியன்று. அந்த ஜலம் இறங்கி வரும் வழியில் மேல்மடையில் அமர்ந்துகொண்டு, கடைமடைக்காரனிடம் வாய் திறக்க மறுக்கும் அரசாங்கங்களைப் பற்றி.

பனியாறு பின்வாங்கிய பள்ளத்தில் தேங்கும் ஏரிக்குக் கரை என்று இருப்பது வெறும் கல்லும் மண்ணும் குவிந்த மேடு. அதன்மேல் ஒரு பாறை சரிந்தால் போதும். 1981-இல் திபெத்தில் அவ்வாறு உடைந்த ஏரியொன்று, நேபாள எல்லையில் சீனம் கட்டிய நட்புறவுப் பாலத்தை அடித்துச் சென்றது. 2025 ஜூலை 8 அன்று வேறோர் ஆற்றில், ரசுவாகடியில், அதே இரு நாடுகளை இணைத்த இன்னொரு நட்புறவுப் பாலமும் போயிற்று. பனியாற்றின் முதுகில் தேங்கியிருந்த குளம் வடிந்ததே காரணமென்பது, பிற்பாடு செயற்கைக்கோள் படங்களைப் பார்த்த பிறகே துலங்கியது. பாலங்கட்டிப் பெயர்சூட்டும் சினேகம் உண்டு. நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்தும், தண்ணீர் வருகிறது, ஓடுங்கள் என்று முன்கூட்டிச் சொல்லும் ஏற்பாடு இல்லை!

சீனத்தை மட்டும் குறை கூறினால் கைதட்டல் எளிதில் கிடைக்கும். டோக்லாமில் இந்திய, சீனப் படைகள் எதிரெதிரே நின்ற 2017-இல் பிரம்மபுத்திராவின் வெள்ளக்கால விவரங்களை அது நமக்குத் தரவில்லை என்பதும், அதற்கான உடன்படிக்கை 2023-இல் காலாவதியாயிற்று என்பதும் உண்மையே. ஆனால் கங்கை, சிந்து, பிரம்மபுத்திரா ஆகிய நதிகளின் நீரளவை நம் சொந்தப் பிரஜைகளுக்கே எளிதில் தராமல் ரகசியப் பெட்டியில் வைத்திருப்பது நம்முடைய அரசாங்கமல்லவா? 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி உடைந்து, சுங்தாங்கில் இருந்த பெரும் அணையைத் தகர்த்துக்கொண்டு டீஸ்டாவில் பாய்ந்தபோது, பிரவாகம் வங்கதேச எல்லையில் நின்று அனுமதிச் சீட்டு கேட்கவில்லை.

சத்துருவுக்கா நீரளவைச் சொல்வது என்று சீறுவோர் உண்டு. அவர்களுக்கு ஒரு சம்பவத்தை நினைவூட்டுகிறேன். 1960-இல் கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையொப்பமிட்டு, 1965, 1971 யுத்தங்களையும் தாண்டி நின்ற சிந்து நதி உடன்படிக்கையை, பஹல்காம் படுகொலைக்குப் பின் 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்திவைத்தது. அந்த முடிவு சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் இப்போது புகவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜம்முவின் தாவி நதி பெருகியபோது, அந்த உடன்படிக்கையின்கீழ் அமைந்த சிந்து ஆணையத்தின் வழியாக அன்றி இஸ்லாமாபாத் தூதரகத்தின் வழியாக, மனிதாபிமானத்தின் பேரால், இந்தியா பாகிஸ்தானுக்கு எச்சரிக்கை அனுப்பிற்று. அதனால் எந்தக் கோட்டை இடிந்தது? எந்தப் படை தோற்றது?

நதிநீர்ப் பங்கீட்டில் எத்தனை வழக்கு வேண்டுமானாலும் நடக்கட்டும், எனக்கு அவசரமில்லை. மலைமேல் நிற்கும் ஒவ்வொரு நீரளவு நிலையத்தின் கணக்கும், உறவு சுமுகமாயினும் பகையாயினும், எவ்வித ஷரத்துமின்றி அந்தந்தக் கணமே கீழ்நாட்டுக்குப் போயாக வேண்டும். முதலில் நம்முடைய நிலையங்களின் கணக்கு, டாக்காவுக்கும் லாகூருக்கும் போகட்டும்.